உத்திரமேரூர்: கணக்குக் காட்டாதவர்கள்

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. காஞ்சிபுரத்திலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ வந்தவாசியிலிருந்தோ பஸ்ஸில்தான் வந்தாக வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வழியில் ஏதோ ஒரு ஏரிக்கரை கண்ணில் படும். வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு மாற்றல் உத்தரவில் வரும் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் ஒரு பஸ் தடத்துக்கு மேல் எதையும் குறிப்பதில்லை. இந்தப் பெயர் மட்டும் எனக்கு இரண்டு விதத்தில் முன்பே தெரிந்திருந்தது. பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் குடவோலை முறை என்ற தலைப்பின் கீழ் வரும் ஊர். இரண்டு மதிப்பெண் கேள்வி. மற்றது, என் தாத்தா பிறந்த சேரி இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது என்பது.

தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். பெரம்பூர்ப் பக்கம் ஆலை வேலைக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே காலமானவர். உத்திரமேரூர் என்றால் அவருக்கு ஏரிதான். சிறுவயதில் தன் அப்பாவோடு கூடைமண் சுமந்த ஏரி. கோயில், கல்வெட்டு, சோழன் இதெல்லாம் அவர் பேச்சில் ஒருபோதும் வந்ததில்லை. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்துவிட்டுக் கவிதை, விமர்சனம் என்று இந்தப் பக்கங்களில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு, ஒரே ஊர் இப்படி இரண்டாக இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலின் விளைவு இந்தக் கட்டுரை. சரித்திர ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சில் வந்துள்ள கல்வெட்டுப் பாடங்களையும், அவற்றைப் பற்றி அறிஞர்கள் எழுதியதையும், ஒரு பிரதியை வாசிப்பதுபோல வாசித்திருக்கிறேன், அவ்வளவே.

முதலில் பூகோளம். தொண்டை மண்டலத்தில் ஆறுகள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் தண்ணீர் கிடையாது. பாலாறும் செய்யாறும் மணலாகக் கிடக்கின்றன. மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அந்தச் சில நாட்களின் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் தை மாதம் அறுப்பதற்கு ஏதாவது இருக்கும். ஆகவே ஏரி. நிலம் எங்கே லேசாகச் சரிகிறதோ அங்கே பிறை வடிவில் ஒரு மண்கரை, கரையில் மதகுகள், மிஞ்சிய நீர் வழிய ஒரு கலங்கல். மேல் ஏரியின் கலங்கலில் வழிவது கீழ் ஏரிக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால் கீழே வரிசையாக உடையும். இந்த ஏற்பாட்டுக்குப் பரம விரோதி வண்டல். ஆழமில்லாத ஏரியில் ஒவ்வொரு மழையும் ஒரு படலம் மண்ணைக் கொண்டுவந்து போடுகிறது. பத்து வருஷம் அள்ளாமல் விட்டால் ஏரியின் பெயர் இருக்கும், கொள்ளளவு இருக்காது. தானாக ஒரு ஏரி ஏரியாக இருந்துவிடுவதில்லை. வருஷா வருஷம் யாராவது இறங்கி மண் எடுக்க வேண்டும். யாரை இறக்குவது, அதற்கு நெல் எங்கிருந்து, கூலி எங்கிருந்து என்று யாராவது முடிவு செய்ய வேண்டும்.

உத்திரமேரூரின் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்தது. ஊரும் பல்லவர் ஏற்பாடுதான்: எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், வேதம் வல்ல பிராமணர்களுக்கென்று ஏற்படுத்திய பிரம்மதேயம், உத்தரமேரூர்ச் சதுர்வேதி மங்கலம். நிலம், கோயில், தெரு, ஏரி எல்லாம் ஒரு திட்டத்தோடு அமைந்தவை. பழைய தெருக்களின் நேர்கோட்டை, நடுவில் வந்து விழுந்திருக்கும் கடைகளையும் மினி பஸ்களையும் மீறி இன்றும் ஒருவாறு உணர முடிகிறது. தந்திவர்மன் காலத்திலேயே ஏரி வாரியப் பெருமக்கள் என்று ஒரு குழு இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் பொன் கொடுக்கிறார். அதைச் சபையார் முதலாக வைத்துக்கொண்டு, வட்டியில் ஆண்டுதோறும் வைரமேக தடாகத்தில் குழி குத்தி மண் எடுக்க வேண்டும். முதலில் கைவைக்கக் கூடாது. என் மேஜைக்கு வரும் நிரந்தர வைப்புப் படிவத்தைப் பார்க்கும்போது, இந்த ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வருஷத்தில் எங்கள் தொழில் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை என்று தோன்றுகிறது. மாறாத இன்னொன்று: பொன் கொடுத்தவரின் புண்ணியம் கல்லில் இருக்கிறது, வட்டி வாங்கிய சபை கல்லில் இருக்கிறது, கூடை சுமந்தவன் கல்லில் இல்லை.

பல்லவருக்குப் பின் சோழர். இடையில் தக்கோலப் போரை (949) ஒட்டி இந்தப் பகுதியையே கைக்கொண்ட ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன். பிறகு மீண்டும் சோழர், அப்புறம் தெலுங்குச் சோடர், விஜயநகரம் என்று யார் யாரோ. இந்த வரிசையை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. அது புத்தகங்களில் கிடைக்கிறது. 1970-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக பிரான்ஸ்வா குரோவும் இரா. நாகசாமியும் இந்த ஊரைப் பற்றி ஒரு முழு நூலே பிரெஞ்சு மொழியில் எழுதினார்கள், புராணம், சரித்திரம், கோயில்கள் எல்லாவற்றையும் சேர்த்து. ஒரு தமிழ்ப் பேரூராட்சியைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதப்பட்ட ஒன்றைப் பிரெஞ்சு தெரியாத நான் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சுவரில் முதலாம் பராந்தகனின் 12-ம் ஆட்சியாண்டிலும் 14-ம் ஆட்சியாண்டிலும், அதாவது 919-லும் 921-லும், மகாசபை செய்துகொண்ட இரண்டு தீர்மானங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. 1898-ல் படியெடுத்து, தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெங்கய்யா வெளியிட்டார். 1932-ல் நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் ஆட்சி பற்றிய ஆய்வுகளில் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு இந்தக் கல்வெட்டு அறிஞர்கள் கையிலிருந்து மேடைக்குப் போய்விட்டது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதம மந்திரியே உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். அந்த வாரம் எங்கள் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், இனி ஊருக்கு ரயில் வந்துவிடும் என்றார்.

மேடையில் சொல்லப்படுவது இது: ஆயிரம் வருஷத்துக்கு முன்னமே நம்மிடம் தேர்தல் இருந்தது, ஜனநாயகம் இருந்தது. இதற்கு எதிராக என் நண்பர்கள் சிலர் சொல்வது: அது நாலு பிராமணர்கள் தங்களுக்குள் சீட்டுக் குலுக்கிக்கொண்டது, அதில் நமக்கு என்ன. இரண்டுமே கல்வெட்டை வாசிக்காமல் சொல்லக்கூடியவை என்பதுதான் எனக்கு அவற்றின் மேல் உள்ள புகார். கல்லூரியில் எங்களுக்கு ஒன்றைத்தான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: கவிதையை எழுதியவனின் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு, முன்னால் இருக்கிற சொற்களைப் பார் என்று. அந்த முறையின் வரம்புகள் எனக்கும் தெரியும். ஆனாலும் கல்வெட்டுக்கு அது பொருந்துகிற அளவுக்குக் கவிதைக்குக் கூடப் பொருந்துமா என்பது சந்தேகம். கல்லில் வெட்டுகிறவன் ஒரு சொல்லை வீணாக்க மாட்டான்.

சொற்களைப் பார்ப்போம். ஊர் 30 குடும்பு. குடும்பு என்றால் வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுத வேண்டும். தகுதி: இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பு, வயது 35-க்கு மேல், 70-க்குள், வேத மந்திரங்களிலும் பிராமணங்களிலும் பயிற்சி, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு. படிப்பு அதிகமாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். இதோடு காரியத்தில் திறமை, நேர்வழிச் சம்பாத்தியம், மனச் சுத்தம். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது.

யாருடைய பெயரை எழுதக் கூடாது என்ற பட்டியல் இதைவிட நீளம். அதில் முதலில் நிற்பவர் கொலைகாரர் அல்ல, திருடரும் அல்ல. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர். அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமன், அப்பனோடு பிறந்தவர், உடன்பிறந்தவர், மாமனார், மனைவியோடு பிறந்தவர், சகோதரியின் கணவர், சகோதரியின் மகன், மருமகன், தகப்பன், மகன். மூச்சு வாங்கும் இந்த வரிசைக்குப் பிறகுதான் மகாபாதகங்கள், தகாத உறவு, பிறர் பொருளைக் களவாடியது, பொய்யோலை எழுதியது, கழுதை மேல் ஏற்றப்பட்டது எல்லாம் வருகின்றன. சபையின் நடுக்கம் எதைப் பற்றியது என்பது இந்த வரிசைமுறையிலேயே தெரிந்துவிடுகிறது. ஒருவனை விலக்கினால் அவன் மைத்துனன் வருவான், மைத்துனனை விலக்கினால் மருமகன் வருவான். இப்படி ஒவ்வொரு சந்தாக அடைத்துக்கொண்டு போகிறவர்கள் தத்துவம் பேசவில்லை. யாரோ ஒரு மைத்துனன் வந்திருக்கிறான்.

இரண்டு தீர்மானங்களுக்கும் நடுவே இரண்டே வருஷம் என்பதை மேடையில் யாரும் நின்று யோசிப்பதாகத் தெரியவில்லை. 919-ல் ஒரு முறை விதித்துக் கல்லில் வெட்டியாயிற்று. கல்லில் வெட்டுவது சாசுவதத்துக்கு. பிறகு ஏன் 921-ல் மறுபடி? முதல் தீர்மானத்தில் வயது 30-லிருந்து 60; இரண்டாவதில் 35-லிருந்து 70. விலக்கப்பட வேண்டிய உறவுகள் இரண்டாவதில் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் முறை அங்குலம் அங்குலமாக விவரிக்கப்படுகிறது. முதல் முறை தோற்றுப்போயிற்று என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் எனக்குப் புலப்படவில்லை. எப்படித் தோற்றது, யார் தோற்கடித்தது, எந்தத் தெருவில் கைகலப்பு என்பது கல்லில் இல்லை. தீயவர் அழியவும் நல்லவர் ஓங்கவும் என்று காரணம் மட்டும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரண்டு தடவையும் அரசனின் அதிகாரி ஒருவர் கூடவே இருக்கிறார். முதல் தடவை தத்தனூர் மூவேந்தவேளான், இரண்டாம் தடவை சோழ நாட்டிலிருந்து வந்த சோமாசிப் பெருமான். அரசன் ஸ்ரீமுகம் வருகிறது, அதிகாரி உடனிருக்கிறார், சபை தானே விதித்துக்கொள்கிறது. சுதந்திரமான கிராமக் குடியரசு என்று இதைச் சொல்கிறவர்கள் அந்த அதிகாரியை மட்டும் மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள்.

ஓலை எடுக்கும் காட்சியைச் சொல்லாமல் நகர முடியாது. மகாசபை முழுவதும், இளையவர் முதியவர் அடங்கலாக, கூடியிருக்கிறது. அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் நடு மண்டபத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்கிறார். விவரம் அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்கச் செய்கிறார்கள். அதை வேறொரு குடத்தில் போட்டுக் கலைத்து, அதிலிருந்து ஒரே ஓர் ஓலையை அந்தச் சிறுவன் எடுத்து மத்தியஸ்தர் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். பிறகு அங்கே இருக்கும் நம்பிமார் ஒவ்வொருவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். இப்படி 30 பெயர். அதிலிருந்து 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாக இன்னொரு குலுக்கல். பதவி 360 நாள். இடையில் குற்றம் வெளிப்பட்டால் அப்போதே நீக்கம். (மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம் என்று நாம் தினம் சொல்லும் சொல் இங்கிருந்து எடுத்துவந்து ஒட்டவைத்ததுதான்.)

தேர்தல் என்று இதைச் சொல்வது தவறு. யாரும் யாரையும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. இது சீட்டு. ஏதென்ஸ் நகரத்தில் ஐந்நூற்றுவர் சபைக்கு ஆண்டுதோறும் சீட்டுப் போட்டார்கள். வெனிஸில் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலான முறையிலும், 1268-க்குப் பிறகு, உருண்டைகளை எடுத்துத் தர ஒரு சிறுவன் இருந்தான். உடனே யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று ஆரம்பித்துவிட வேண்டாம். ஒருவரையொருவர் துளியும் நம்பாத பெரியவர்கள் எந்த ஊரில் கூடினாலும், கடைசியில் ஒரு குழந்தையின் கையைத்தான் தேடுகிறார்கள் போலிருக்கிறது. முதல், முன்னோடி என்ற பெருமையும் உத்திரமேரூருக்குப் பொருந்தாது. திருநெல்வேலிப் பக்கம் மானூரில், இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தி, பாண்டியர் காலத்தில், சபையில் யார் பேசலாம் என்று விதி செய்திருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் அல்ல என்று சொல்லித் தடுத்துக்கொண்டிருப்பவருக்கு 5 காசு தண்டமாம். நம் இலக்கியக் கூட்டங்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம்.

கணக்கன் பற்றிய விதியைத்தான் நான் பலமுறை படித்தேன். கணக்கு எழுதுகிறவர் தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் ஒப்புவித்து, சுத்தம் என்று பெயர் வாங்கும்வரை இன்னொரு கணக்கில் கைவைக்கக் கூடாது. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். அவருக்குப் பதில் வேறொரு கணக்கர் புகுந்து முடித்துவைக்கக் கூடாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில், ஒரு தொகை மூன்று மாதமாக நேராகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொங்கவிட்டவர் மாற்றலாகிப் போயே போய்விட்டார். வந்தவருக்கு அது என்னவென்று தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில் நானும் இன்னொருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து அவருக்குப் பதிலாக அதை முடித்துவைத்தோம். இந்த ஒரு விதியைப் படித்தபோது மட்டும், பத்தாம் நூற்றாண்டின் யாரோ ஒரு சபையான் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. நண்பர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: நாலு பிராமணர்களின் சீட்டு என்று தள்ளிவிட்டால் இந்த அறிவையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். அதிகாரம் எந்த வழியாக அழுகும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் நம்மிடையே அதிகம் பேர் இல்லை.

அதே பராந்தகன் காலத்து இன்னொரு சாசனம் பொன் பற்றியது. ஊரில் புழங்கும் பொன்னை உரைத்துப் பார்க்க ஆட்கள் வேண்டும். இதற்கும் சீட்டுதான், ஆனால் எடுக்கப்படும் இடம் வேறு. மாடவீதிகளில் இருப்பவர்களிலிருந்து 4 பேர், சேனையிலிருந்து 2 பேர், எண்ணெய் வாணிகர் குடியிருக்கும் சங்கரப்பாடியிலிருந்து 3 பேர். உரைகல்லில் ஒட்டும் பொன்னைப் பிடிக்கும் மெழுகைக் கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கள் கிளையில் நகைக்கடன் நாட்களில் வந்து உட்காரும் மதிப்பீட்டாளரிடம் இந்த மெழுகு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இந்தச் சாசனத்தில்தான் வேதம் ஓதாத கைகள் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தன. பொன்னை நிறுக்க எண்ணெய் வாணிகனின் கண் வேண்டும். ஆனால் குடத்தில் அவன் பெயர் விழாது.

பொன்னும் அல்ல, நிலமும் அல்ல, மண்ணைத் தொட்டவனுக்கு எங்கே இடம்? கால் வேலி என்பது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். ஒன்றே முக்கால் ஏக்கர் என்று சொல்லிப் பார்த்தால் சின்ன அளவாகத்தான் இருக்கிறது. ஆனால் வைரமேக தடாகத்தின் தண்ணீர் பாயும் நிலத்தில் அந்தச் சின்ன அளவு என் பாட்டன்மாருக்கு எப்போது சாத்தியமாயிற்று என்று தேடப்போனால் சரித்திரம் வேறு திசையில் இழுக்கிறது. இதே செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-ல் ஜில்லாவின் பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால், மிராசுதார்கள் ஏதாவது ஓர் உரிமையைச் சொல்லி மறித்துவிடுகிறார்கள் என்பது அதில் அவர் கண்ட முக்கியமான விஷயங்களில் ஒன்று. 1892-ல் சர்க்கார் உத்தரவு வந்தது; பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அதன் பயன். அந்த நிலங்கள் கைமாறிப் போன கதையும், அவற்றைத் திருப்பிக் கேட்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூடும் இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குத் தெரியாதவை அல்ல. 921-ன் கால் வேலியிலிருந்து 1892 வரை எண்ணினால் 971 வருஷம். மேடைப் பேச்சாளர்கள் ஆயிரம் வருஷம் என்று சொல்லும்போது நான் இந்த ஆயிரத்தை நினைத்துக்கொள்கிறேன்.

ஏரி மட்டும் இந்த 971 வருஷமும் மண் கேட்டுக்கொண்டே இருந்தது. சபை மறைந்தது. எந்தத் தேதியில் என்று சொல்லும்படி மறையவில்லை. விஜயநகர காலத்தில் நாயக்கர்களும் அதிகாரிகளும் வந்து நிறைந்தபோது சபைகளின் பேச்சு கல்லில் குறைந்து நின்றுபோகிறது. ஏரி வேலை நின்றுபோகவில்லை. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஊர் கூடித் தானே செய்துகொண்ட வேலை என்று இன்று இதை உருகி எழுதுகிறார்கள். கம்பெனி ராஜ்யம் முடியும் வருஷமான 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட வேண்டியிருந்தது. ஏரிக்கரை உடையும் ஆபத்தில் உழைக்க வராதவனையும், வழக்கமான மராமத்து வேலையைச் செய்யத் தவறியவனையும் தண்டிக்க. மனமுவந்து செய்த வேலைக்குத் தண்டனைச் சட்டம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. தாத்தா கூடை சுமந்தது இந்தச் சட்டத்தின் நிழலிலா, கூலிக்கா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்கத் தெரியாத வயது.

1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தை அரசியல் சட்டத்தின் அலகாகக் கொள்ளாததற்காகத் தாம் சந்தோஷப்படுவதாகப் பேசினார். பதினெட்டே நாள் கழித்து, நவம்பர் 22-ல், சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் கிராமப் பஞ்சாயத்து, வழிகாட்டும் கோட்பாடாக உள்ளே வந்துவிட்டது. அம்பேத்கர் எதிர்க்கவில்லை, ஏற்றுக்கொண்டார். 1993-ல் அது கட்டாயமாயிற்று, தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டோடு. கிராமத்தைப் பற்றி நான் எப்போதும் அம்பேத்கர் கட்சிதான். அந்த ஒதுக்கீடு இல்லாத பஞ்சாயத்து என்பது, குடத்தில் ஓலை போடும் உரிமை யாருக்கு என்ற பழைய கேள்வியை மூடி வைத்த பஞ்சாயத்துதான். ஆனால் ஒதுக்கீடு ஓலையைத்தான் குடத்துக்குள் போட்டிருக்கிறது. கணக்கு? விலக்கப்பட்டவரின் மைத்துனன் இன்று எத்தனை ஊர்களில் தலைவரின் கணவராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 921-ன் பட்டியலில் கணவன் இல்லை. பெண் பெயர் குடத்தில் விழக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. கிராமமும் இல்லை, நகரமும் இல்லை என்ற ஓர் இடைநிலை. இதனால் ஒரு வேடிக்கை: நாட்டிலேயே பெயர்பெற்ற கிராம சபையின் ஊரில் சட்டப்படி கிராம சபை கிடையாது. அதைவிடப் பெரிய வேடிக்கை, தமிழ்நாட்டின் எல்லாப் பேரூராட்சிகளையும் போலவே இங்கும் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர் கையெழுத்துப் போட்டார். நாடாளுமன்ற அடிக்கல் விழாவில் இந்த ஊரின் பெயர் ஒலித்த நாளில், இந்த ஊருக்கு ஒரு கவுன்சிலர் கூட இல்லை. 360 நாளுக்கு மேல் ஒருவரும் இருக்கக் கூடாது என்று வெட்டிய கல்லுக்குச் சில தெருக்கள் தள்ளி, ஐந்து வருஷத்துக்கு மேல் காலி நாற்காலிகள். இதற்காக ஊரில் யாரும் குமுறியதாகவும் எனக்குத் தகவல் இல்லை.

சென்ற மழையின்போது நகைக்கடனைத் திருப்ப ஒரு பெரியவர் வந்தார். முன்னாளில் நீர்க்கட்டி வேலை பார்த்தவர். எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் பொறுப்பில் இருந்ததாம். கூட்டம் இல்லாத மதியம். என் தாத்தாவின் சேரிப் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். குடம், ஓலை, சிறுவன் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கல்வெட்டு இருக்கும் கோயிலைத் தாண்டித்தான் அவர் தினம் போய்வருகிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் புள்ள யாரு வூட்டுப் புள்ள சார்?" என்றார்.

கல்வெட்டில் அது இல்லை என்றேன்.

"நம்ம புள்ளையா இருக்காது" என்றார், கோபமில்லாமல். நகையை முந்தானையில் முடிந்துகொள்ளும்படி கூட வந்த மனைவியிடம் கொடுத்துவிட்டு, ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று வரி வரியாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார்.

"ஏரி எப்படி இருக்குங்க பெரியவரே?"

"ரொம்பிடுச்சி. கலங்கல்ல போவுது. பார்க்கலியா நீங்க?"

சாயங்காலம் கணக்கை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கரை மேல் இரண்டு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலங்கலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது.